தாரா, பெண், வயது ஒன்று

போன மாதம் ஒரு போன் வந்தது. நான் வேலை பார்த்த கால்நடை மருந்தகத்தில் இப்போது உதவியாளராக இருக்கும் பெண் பேசினாள்.

"அண்ணே, பொங்கல் விளையாட்டுக்கு அனுமதி கேக்கதெல்லாம் இப்பம் கம்ப்யூட்டர்லயாக்கும். விலங்கின் வகைன்னு ஒரு கட்டம் வருது. அதுல காளை மட்டும்தான் இருக்கு. தாறா இல்ல. காளைன்னே அமுக்கிரட்டா?"

அமுக்காதே என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் விளக்கமாகப் பேச எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்த மாதிரி விளையாட்டுகளை வைப்பதா நிறுத்துவதா என்று பேசுகிற மற்றவர்களும் படிக்கட்டும் என்று தோன்றியதால் கொஞ்சம் நீண்டுவிட்டது.

எனக்குச் சொந்த ஊர் பூதப்பாண்டிப் பக்கம். பெயர் பூதலிங்கம். படிப்பு ஐந்தாம் வகுப்பு. மருந்தகத்தில் சாணி கூட்ட வந்து, பிறகு உதவியாளர் ஆனேன். பயிற்சி என்று தனியாக ஒன்றும் கிடையாது. மாட்டின் மூக்கைச் சரியாகப் பிடிக்க ஒரு மாதம் ஆனது. மாடு என் காலை மிதிக்காத இடத்தில் நிற்கத் தெரிய ஒரு வருடம் ஆனது. அப்படி இருந்தும் கடைசியில் ஓர் எருமை என் இடது முழங்காலை உதைத்து, அறுபது வயதுக்கு முன்பே என்னை விருப்ப ஓய்வில் அனுப்பிவிட்டது. எருமைமேல் வருத்தம் இல்லை. நான்தான் அது பார்க்காத பக்கத்திலிருந்து போனேன். மிருகங்களிடம் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. மனிதர்களிடம்தான்.

குழித்துறைக்கும் புதுக்கடைக்கும் நடுவில் ஓர் ஊரில் எங்கள் மருந்தகம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே பத்து வருடத்துக்கு மேல் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஒரு டாக்டரம்மா. சத்தம் போட்டுப் பேசவே மாட்டார். மனிதர்களைப் போலவே மிருகங்களையும் 'வாங்க, போங்க' என்றுதான் சொல்வார். "கொஞ்சம் காலைத் தூக்குங்க" என்று அவர் காளையிடம் சொன்னால், காளைக்காரர் தன் காலைத் தூக்கிக்கொண்டு நிற்பார். இது வாரத்துக்கு ஒருமுறையாவது நடக்கும். டாக்டரம்மா சிரிக்க மாட்டார். "நீங்க இறக்கலாம்" என்பார்.

அவரிடம் 'நல்லா இருக்கு' என்று சொல்லக் கூடாது. "நல்லா இருக்குன்னா என்ன? எண்ணிச் சொல்லுங்க" என்பார். மூச்சை எண்ண வேண்டும், அசை போடுவதை எண்ண வேண்டும். எண்ண முடியாததை, கண்ணால் பார்த்தபடி சொல்ல வேண்டும். 'பயந்து போயிருக்கு' என்று நான் சொன்னால் ஏற்க மாட்டார். காது எங்கே இருந்தது, கண்ணில் வெள்ளை எவ்வளவு தெரிந்தது என்று கேட்பார். நான் தொழில் கற்றது இந்தக் கேள்விகளில்தான்.

இனி தாறா விஷயம். எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் வாத்துக்குத் தாறா என்றுதான் பெயர். பொங்கல் மூன்றாம் நாள் அந்த ஊர்க் குளத்தில் ஒரு தாறாவை விடுவார்கள். ஆண்கள் குதித்து நீந்திப் பிடிக்க வேண்டும். பிடித்தவருக்குத் தாறா. அந்தக் குளத்துக்கு இரண்டு படித்துறை. ஒன்று கோயில் தெருக்காரர்களுக்கு, மற்றது சர்ச் இருக்கிற சபைத் தெருக்காரர்களுக்கு. யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் மாறி இறங்க மாட்டார்கள். தாறா விடுகிற அன்று மட்டும் யார் எந்தப் படியில் ஏறினார், எவர் தோளை எவர் மிதித்தார் என்று ஒரு கணக்கும் இருக்காது. மீசையில் பாசியோடு எல்லோரும் ஒரே நிறமாக இருப்பார்கள். நானும் கரையில் நின்று வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

தாறாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரி. பறக்காமல் இருக்க இறக்கையை வெட்டுவார்கள். வழுக்க வேண்டும் என்று எண்ணெய் பூசுவார்கள். முப்பது பேர் விழுவார்கள். ஒரு வருடம் இரண்டு பேர் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். இரண்டு பேரும் ஜெயித்ததாக மைக்கில் அறிவித்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை.

ஜல்லிக்கட்டுக் காளைகளுக்குச் சட்டமும் படிவமும் வந்தபோது, விலங்கு வைத்து எது நடத்தினாலும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். விளையாட்டு மன்றச் செயலாளர் தங்கராஜ் மனு எழுதினார். மஸ்கட்டில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர், ஐம்பதைத் தாண்டியவர், நல்ல மனிதர். ஆனால் தாறாவுக்குப் பெரிய 'றா' போடுவதற்குப் பதில் சின்ன 'ரா' போட்டுவிட்டார்.

அன்று லாரி மோதிச் செத்த ஒரு பசுவின் பரிசோதனை அறிக்கையைக் கொடுக்க நான் நிலையத்துக்குப் போயிருந்தேன். பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் சேலம் பக்கத்துக்காரர். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மனுவைச் சத்தமாகப் படித்தார்.

"'தாராவை வெள்ளத்தில் இறக்கிவிட்டு, முப்பது ஆண்கள் சேர்ந்து பிடித்தல். பிடிப்பவர் தாராவை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.' என்னய்யா இது?"

எங்கள் மாவட்டத்தில் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான். அது அவருக்குத் தெரியாது.

"பொங்கலுக்க மூணாம் நாள் சார். வருஷா வருஷம் உள்ளது" என்றார் தங்கராஜ்.

"வருஷா வருஷமா? அந்தத் தாராவுக்கு என்ன வயசு?"

"ஒரு வயசு இருக்கும் சார்."

"ஒரு வயசு! வெள்ளத்துல விடுவீங்களா?"

"பயப்படாண்டாம் சார். நல்லா நீந்தும்."

"அப்பன் ஆத்தா சம்மதிச்சுட்டாங்களா?"

"அப்பனையும் ஆத்தாளையும் யாரு சார் கண்டா? சின்னதா இருக்கப்பம் சந்தையில வாங்கினதுல்லா."

ஊர்க்காரரான எழுத்தர் முகத்தைப் பதிவேட்டுக்குள் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு விஷயம் முதல் வரியிலேயே புரிந்துவிட்டது. எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று பசுவின் அறிக்கையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றுவிட்டார். "கொண்டு போறவன் என்னய்யா பண்ணுவான்?"

"வேற என்ன சார், அண்ணைக்கே கறி வச்சிருவான்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டினார். அப்போதுதான் என் வாயிலிருந்து சத்தம் வந்தது. "சார், வாத்து."

"யாரைய்யா வாத்துங்குற?"

"தாறாவ, சார்."

எல்லாம் தெளிவான பிறகும், பக்க எண் போட்ட பதிவேட்டில் எழுதியதை அடிக்க முடியாது என்றார்கள். 'தாரா, பெண், வயது ஒன்று' என்று ஏறிவிட்டது. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "நீ கால்நடைத் துறையா? மேற்படி தாராவுக்கு உங்க டாக்டர்கிட்ட உடல்தகுதிச் சான்று வாங்கிட்டு வா. அப்புறம் பார்க்கலாம்" என்றார். முதலிலேயே பேசியிருந்தால் இந்தச் சான்று வேலையே வந்திருக்காது. பேசாமலே இருந்திருந்தாலும் எங்களிடம் வந்திருக்காது.

நிலையத்தில் கொடுத்துவிட்ட கடிதத்தை டாக்டரம்மா இரண்டு முறை படித்தார். தங்கராஜ் எதிரே நின்றார்.

"இது பாரம்பரியமாக்கும் டாக்டரம்மா. எனக்க அப்பன் பிடிச்சது. அப்பனுக்க அப்பன் பிடிச்சது."

"தாறாவோட அப்பன்?"

"அதும் ஓடிருக்கும், பின்ன."

"அதோட அப்பன்?"

"அதும்தான்."

"ஓடி?"

தங்கராஜ் பேச்சை மாற்றினார். "தாறாவுக்கு இது ஒரு விளையாட்டு மாதிரிதான் டாக்டரம்மா. வெள்ளத்துல கிடக்க சாதனம்தானே. பேடியெல்லாம் ஒண்ணும் கிடையாது." பேடி என்றால் பயம்.

"பயம் இல்லைன்னு எதை எண்ணிச் சொல்றீங்க?" என்றார் டாக்டரம்மா.

நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. அவரும் ஞாயிற்றுக்கிழமை சபைத் தெரு சர்ச்சுக்குப் போகிறவர், இரண்டு படித்துறையும் ஒன்றாகிற நாள் அது மட்டும்தான் என்று அவருக்குத் தெரியும். நிபந்தனை எழுதினார். இறக்கை வெட்டக் கூடாது. எண்ணெய் கூடாது. முப்பது பேர் இல்லை, எட்டு பேர். பத்து நிமிடம். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் தாறா உயிரோடு மருந்தகத்துக்குத் திரும்ப வர வேண்டும். கரையில் துறை ஆள் ஒருவர் விசிலோடு நிற்பார். தாறா அலகைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ, இறக்கை தொங்கினாலோ விசில் ஊத வேண்டும். ஊதினால் ஆட்டம் முடிந்தது. தாறா செத்தால் இனி ஒருபோதும் கையெழுத்து கிடையாது.

துறை ஆள் என்றால் நான்தான். ஆயிரம் பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் விசில் ஊத வேண்டும். சீக்கிரம் ஊதினால் ஊர் என்னைக் குளத்தில் போடும். தாமதித்தால் தாறா செத்துப் போகும், அதோடு அந்த விளையாட்டும் போகும்.

சான்றுக்கு எங்களிடம் இருந்தது காளைப் படிவம் மட்டும். தாறா ஒரு வாரம் மருந்தகத்தில் தங்கியது. டாக்டரம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். காளையின் பெயர், தாரா. திமில், இல்லை. கொம்பு, இல்லை.

"வெறும் 'இல்லை' போடாதீங்க பூதலிங்கம். விழுந்துட்டுதுன்னு நினைப்பாங்க. 'இயற்கையிலேயே இல்லை'ன்னு எழுதுங்க."

எழுதினேன். பிறகு அவர் வாலைப் பார்த்தார். வாலின் மேலே இரண்டு இறகு சுருண்டிருந்தது. குரலும் கரகரப்பு. இரண்டும் ஆணின் அடையாளம். பதிவேட்டில் பெண் என்று இருக்கிறதே என்றேன். உண்மையைத்தான் எழுத வேண்டும் என்றார். 'தாரா என்பவர் பரிசோதனையில் ஆண் எனத் தெரியவருகிறது' என்று நிலையத்துக்குக் கடிதம் போனது. மறுநாள் இன்ஸ்பெக்டர் நேரில் வந்தார். கூண்டுக்கு முன்னால் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். தாறாவும் அவரைப் பார்த்தது. "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

படிவம் மேலே போயிற்று. மேலே இருப்பவர்கள் காளை என்றே படித்தார்கள். அதனால் பொங்கல் மூன்றாம் நாள் குளத்தைச் சுற்றி இரட்டை மூங்கில் தடுப்பு, தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், கயிறு பிடிக்கப் பத்து பேர் எல்லாம் வந்து நின்றன. கயிற்றுக்காரர்கள் காளை எங்கே என்று என்னிடம் கேட்டார்கள். நான் கூண்டைக் காட்டினேன்.

எட்டு பேரில் ஒருவர் வரவில்லை. தங்கராஜ் சட்டையைக் கழற்றினார். "நான் சின்னதுல மூணு தாறா பிடிச்சவனாக்கும்" என்று மைக்கில் சொல்லிவிட்டுக் குதித்தார். நான் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, கடைசிப் படியில் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன்.

வெட்டாத இறக்கையோடு ஒரு தாறா என்ன செய்யும் என்று அந்த ஊர் அதுவரை பார்த்ததே இல்லை. ஆள் நெருங்கினால் நாலு அடி எழும்பிப் பறந்து மறுபக்கம் இறங்கும். இறங்கி, இறகைக் கோதும். எட்டு பேரும் திரும்புவார்கள். கிட்டே வந்ததும் முங்கிவிடும். எழும்போது அவர்களுக்குப் பின்னால் எழும். "தாறாவுக்கு ஒரு பாயிண்ட்!" என்று மைக்செட்காரர் கத்தினார். நான் அலகைப் பார்த்தேன், மூடியிருந்தது. வாலைப் பார்த்தேன், ஆடவில்லை. இறக்கை உடம்போடு ஒட்டியிருந்தது.

நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும். தாறாவுக்குப் பக்கத்தில் ஒரு தலை தெரிந்தது. தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய் தண்ணீர் மட்டத்தில் திறந்து மூடியது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரை அமுக்கின. முங்கியது. மேலே வந்தது. வாய் திறந்தது. சத்தமே இல்லை. கூட்டம் கை தட்டியது. "செயலாளர் தாறா மாதிரி ஆடிக் காட்டுகாரு பாருங்கோ!" என்றது மைக்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த அறிகுறி எல்லாம் அங்கே இருந்தன. தாறாவில்தான் இல்லை. நான் ஊதினேன்.

ஆட்டம் நின்றது. ஊர் முழுக்க என்னைத் திட்டியது. "ஏலே, தாறா நல்லாத்தானே கெடக்கு! எதுக்குவே ஊதினீரு?" மைக்செட்காரர் ஓடிவந்து மைக்கை என் வாயில் வைத்தார். "சொல்லும் சார், தாறாவுக்கு என்ன?"

எனக்குத் தொழில் வார்த்தை மட்டும்தான் வந்தது. "தாறாவுக்கு ஒண்ணும் இல்ல. செயலாளருக்கு அலகு தொறந்திருக்கு."

ஒரு கணம் எல்லோரும் சிரித்தார்கள். மேடையிலிருந்து டாக்டரம்மா அலறினார். "தூக்குங்க அவரை! சீக்கிரம் தூக்குங்க!" அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மற்ற ஏழு பேரும் பாய்ந்தார்கள். எது கிட்டேயோ அந்தப் படியில் தூக்கினார்கள். காளைக்குக் கட்டிய மூங்கில் தடுப்பைக் கயிற்றுக்காரர்கள் பிடுங்கி வழி விட்டார்கள். டாக்டரம்மா தங்கராஜை ஒருக்களித்துப் படுக்கவைத்து, "மூச்சை விடுங்க, அப்படித்தான், நல்ல பிள்ளை" என்றார். கன்று ஈனும் மாட்டிடம் சொல்வதும் இதைத்தான். தண்ணீர் வெளியே வந்தது, மூச்சும் வந்தது. காளைக்காக வந்த ஆம்புலன்ஸ் அவரைக் கொண்டுபோயிற்று.

அதற்குப் பிறகும் விளையாட்டு நடக்கிறது. எட்டு நாலு ஆனது, பத்து நிமிடம் ஐந்து ஆனது. கூட்டமும் குறைந்துவிட்டது. காக்க வேண்டும் என்பவர்களும் நிறுத்த வேண்டும் என்பவர்களும் என்னிடம் வந்து பேசியிருக்கிறார்கள். எது சரி என்று இன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியாது. இருவருக்கும் நான் சொன்னது, ஒரு முறையாவது கூட்டத்தைப் பார்க்காமல் குளத்தை மட்டும் பார்த்து நில்லுங்கள் என்பதுதான். தங்கச்சி, உனக்கும் அதுதான். கம்ப்யூட்டரில் தாறாவுக்குக் கட்டம் இல்லை என்றால் காகிதத்தில் எழுதி அனுப்பு. அது என்ன மிருகமோ அதை எழுது. அந்த ஆம்புலன்ஸ் வந்தது எங்கள் அதிர்ஷ்டம். தப்பாக எழுதியது எல்லா வருடமும் அப்படி நல்லதில் முடியாது.

மறுநாள் காலையைச் சொல்லி முடிக்கிறேன். களேபரத்தில் யாரும் தாறாவைப் பிடிக்கவில்லை. அது குளத்திலேயே கிடந்தது. நிபந்தனைப்படி மருந்தகத்துக்குத் திரும்ப வேண்டும். ஆனால் துரத்திப் பிடிக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. நான் தவிட்டை நனைத்துப் படியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தங்கராஜ் வந்தார். தோளில் துண்டு. எனக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

குளத்தைப் பார்த்தபடி கேட்டார். "அண்ணே, நான் முங்கித் தாழப்பம் ஆளுவ கை தட்டினாவளா?"

"தட்டினாவ."

"சிரிச்சாவளா?"

"சிரிச்சாவ."

"எனக்குக் கேட்டுது. அடியில போனா சத்தம் நிக்கும். மேல வந்தா சிரிப்பு. விளிக்கலாம்னு வாயத் தொறந்தா வெள்ளம்தான் உள்ள போவுது. என்னப் பாத்துத்தான் சிரிக்காவன்னு தெரியுது. தேச்சியம், கோவம் ஒண்ணும் வரல்ல அண்ணே. எப்பம் முடியும், எப்பம் முடியும்னு மட்டும் இருந்துது."

நான் தவிட்டை ஒரு படி கீழே தள்ளி வைத்தேன்.

அப்போது தாறா எங்கள் பக்கம் திரும்பியது. நேராக வராமல் வளைந்து வளைந்து வந்தது. படியில் ஏறியது. உடம்பைக் குலுக்கியது. எங்கள் இருவரையும் ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, தங்கராஜின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த தவிட்டில் அலகை வைத்தது. கையை நீட்டினால் பிடித்துவிடலாம்.

தங்கராஜ் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார். எனக்குத் தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டேன். அது தின்று முடிக்கும்வரை நாங்கள் இருவரும் அசையவில்லை.